கொடிக்கல்லில் இருந்து தெரிவது

திருச்சி
18 ஜூன் 2024

அன்புத் தம்பி ஷெல்டனுக்கு,

உன் அக்கா ஜெபமலர் எழுதுவது. மாதா தயவில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் அனுஷ்காவும் எப்படி இருக்கிறீர்கள்? ஹல்துமுல்லையில் கச்சான் காற்று தொடங்கிவிட்டதா? இங்கே காவிரியில் மணல்தான் ஓடுகிறது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் நாம் சண்டை போடுகிறோம். ஈஸ்டருக்கு வாழ்த்துச் சொல்லத்தான் எடுத்தாய். கடைசியில் என்ன ஆனது? கொடிக்கல்லில் இருந்து தெரிவது கடலா குளமா என்று இரண்டு பேரும் கத்தி, அனுஷ்கா போனைப் பிடுங்கி வைத்தாள். கொழுந்து மலையில் வேலை செய்யும் அம்மாவுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, தோட்டத்தின் மேல்கணக்குப் பிரிவுக்கு மேலே அந்தப் பாறையில் ஏறி உட்காருவோமே, அன்றைக்குத் தொடங்கிய வழக்கு. தெற்கே வெகு தூரத்தில் வெள்ளிக் கம்பி மாதிரி ஒன்று மினுங்கும். நான் கடல் என்பேன். நீ உடவளவைக் குளம் என்பாய். நான் கல்யாணமாகித் திருச்சிக்கு வந்தேன், உன் மச்சான் போய்ச் சேர்ந்தார், நம் இரண்டு பேருக்கும் தலை நரைத்தது, வழக்கு மட்டும் அப்படியே நிற்கிறது. அதனால் இனி எழுதுவோம். வீடியோவில் கூப்பிடாதே, எடுக்க மாட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மகளிர் சங்கத்தில் பதினொரு பேர் இலங்கைக்குச் சுற்றுலா வர ஆசைப்படுகிறோம். ஆசையைக் கிளப்பிவிட்டவள் நான்தான். உட்கார்ந்தால் மலைக்கதை, எழுந்தால் மலைக்கதை என்று இவர்களைப் படுத்திவிட்டேன். கொழும்பு வேண்டாம், கண்டி வேண்டாம், நம் ஊவா மாகாணம் மட்டும் போதும். சங்கத்துக் கணக்கு வேலை பார்க்கும் நஸ்மியா என்ற பிள்ளையும் துணைக்கு வருகிறாள்.

நீ வேன் வாங்கியதில் இருந்து மற்றவர்கள் பிடித்த கூட்டத்தைத்தான் ஏற்றி இறக்குகிறாய். உனக்கே உனக்கான முதல் கூட்டம் நாங்கள் என்று வைத்துக்கொள். ஐந்தாறு நாளைக்கு ஒரு திட்டம் போட்டு எழுது. அனுஷ்காவுக்கு என் முத்தம்.

உன்னைத் தூக்கி வளர்த்த,
ஜெபமலர்


ஹல்துமுல்லை
6 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நாங்கள் நல்ல சுகம். உங்கள் சர்க்கரை இப்போது எவ்வளவில் நிற்கிறது என்று அனுஷ்கா கேட்கச் சொன்னாள். மாத்திரையைத் தவற விடாதீர்கள். கச்சான் வந்துவிட்டது. கூரைத் தகரம் இரவும் பகலும் பாடிக்கொண்டிருக்கிறது.

முதலில் ஒரு பாராட்டு. கையெழுத்து எப்போது இவ்வளவு அழகானது? நீங்கள் எழுதினால் எறும்பு மையில் விழுந்து எழுந்து நடந்த மாதிரி அல்லவா இருக்கும்.

என்னைத் தூக்கி வளர்த்தது நீங்கள் இல்லை, அம்மா. நீங்கள் தூக்கிக் கீழே போட்டதுதான் எனக்கு ஞாபகம், முழங்காலில் தழும்பு இருக்கிறது. ஆனாலும் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று முழுக்கத் தரையில் கால் பாவாமல் திரிந்தேன். என் கூட்டம்! வேன் கண்ணாடியில் பெயர் எழுதி ஒட்டலாமா என்று ஜெஸீமிடம் கேட்டேன். அவன் இங்கே ஓட்டோ ஓட்டுகிறவன், எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டாளி. "ஒட்டு மச்சான், ஆனா அந்தக் கொடிக்கல் சண்டையை மட்டும் வண்டிக்குள்ள வச்சிக்காதீங்க" என்றான்.

திட்டம் இதுதான். விமான நிலையத்தில் இருந்து பலாங்கொடை வழியாக ஏறி வருகிறோம். மறுநாள் அப்புத்தளையில் ரயில். பண்டாரவளை, எல்ல, தெமோதர, பதுளை. ஜன்னல் சீட் எல்லாருக்கும் பிடித்துத் தருவேன். எந்த வளைவில் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். நான் "வலப் பக்கம் பாருங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் பள்ளத்தாக்கு திறக்கும். அக்கா, அந்த நேரத்தில் வெள்ளைக்காரர்கள்கூடப் பேச்சை மறந்து சும்மா இருப்பார்கள். பிறகு துன்ஹிந்த நீர்வீழ்ச்சி, கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் தியலும, ஒரு தேயிலைத் தொழிற்சாலை. வரும் நாள் பிப்ரவரியாக இருக்க வேண்டும். அப்போதுதான் வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும்.

கடைசி நாள் கொடிக்கல். உங்கள் சங்கத்தார் அத்தனை பேரையும் பாறை மேல் நிறுத்தி, அது என்னவென்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைக்கிறேன். வழக்கு அன்றோடு தீரட்டும்.

தம்பி,
ஷெல்டன்


திருச்சி
25 ஜூலை 2024

அன்புத் தம்பிக்கு,

சுகமாய் இருக்கிறேன். சர்க்கரை அதன் பாட்டுக்கு இருக்கிறது, நான் என் பாட்டுக்கு இருக்கிறேன். அனுஷ்காவின் முதுகுவலி எப்படி என்று நீ எழுதவே இல்லையே.

உன் திட்டத்தைச் சங்கத்தில் படித்தோம். பள்ளத்தாக்கு திறக்கும் இடம் வந்ததும் வடிவு என்கிற பெண் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். நாற்காலிக்குப் பிரம்பு பின்னுகிறவள், ஸ்ரீரங்கத்தைத் தாண்டி எங்கேயும் போனதில்லை. மூன்று தடவை படித்தோம்.

சில மாற்றம் வேண்டும். பிப்ரவரி சரிப்படாது, டிசம்பரில்தான் வருவோம். குளிரூட்டிய பெட்டி வேண்டாம், ஜன்னலைத் திறக்கக்கூடிய பெட்டியில் இடம் பிடி. எந்தப் பக்கம் என்பது பெரிய காரியம் இல்லை. எல்லவில் அந்த வளைவுப் பாலத்தைத் தூரத்தில் நின்று படம் பிடிக்கிறார்களாமே, எங்களுக்குப் பாலத்துக்கு அடியில் நிற்க வேண்டும், ரயில் மேலே போகும்போது. தொழிற்சாலையில் இலையைக் கையால் தொட விடுவார்களா? துன்ஹிந்தவுக்குப் போகிற பாதையில் நீர்வீழ்ச்சிச் சத்தம் எந்த இடத்தில் கேட்கத் தொடங்கும்? காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்கு இன்னும் சங்கு ஊதுகிறார்களா? கொஸ்லந்தை ரோட்டில் மழைக்குப் பிறகு ஒரு வாசனை வருமே, அது இன்னும் வருகிறதா?

கொடிக்கல் கட்டாயம். அதை மாற்றாதே.

அக்கா,
ஜெபமலர்


ஹல்துமுல்லை
14 ஆகஸ்ட் 2024

அக்காவுக்கு,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. அனுஷ்காவின் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறேன். உங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்தால் காய்ச்சலில் எழுதியது மாதிரி இருக்கிறது.

டிசம்பரா? நீங்கள் இந்த மலையில் பிறந்தவர்தானே. டிசம்பரில் இங்கே என்ன இருக்கும் என்று தெரியாதா? விடிந்தால் பனி, அடைந்தால் மழை, நடுவில் அட்டைக்கடி. முன்னால் போகிற பஸ் தெரியாமல் லைட்டைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து போவோம். பள்ளத்தாக்கு திறக்கும் இடத்தில் நான் "வலப் பக்கம் பாருங்க" என்றால் அங்கே ஒரு வெள்ளைச் சுவர் நிற்கும். போன வருடம் அப்படி ஒரு கூட்டத்தைக் கொண்டுபோய் நிறுத்தினேன். ஒரு அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை, நான்தான் மலையை ஒளித்துவைத்த மாதிரி.

இது என் முதல் கூட்டம் அக்கா. பதினொரு பேர் கடன் உடன் பட்டுக் கடல் கடந்து வந்து ஒன்றையும் பார்க்காமல் திரும்பினால், அடுத்த கூட்டத்துக்கு நான் எங்கே போவேன்? உங்களுக்கு எப்போதும் இதே பழக்கம். நீங்களே முடிவு செய்வீர்கள், மற்றவர்கள் தலையாட்ட வேண்டும்.

பிப்ரவரி என்றால் உயிரைக் கொடுத்துச் செய்வேன். டிசம்பர்தான் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். பனிக்குள் எதைக் காட்டச் சொல்கிறீர்கள்?

ஷெல்டன்


திருச்சி
2 செப்டெம்பர் 2024

அன்புத் தம்பி,

கோபத்தோடு எழுதினாலும் ஒத்தடம் கொடுப்பதைச் சொல்லியிருந்தாய், சந்தோஷம். நான் சுகம் என்று இந்தத் தடவை எழுதப் போவதில்லை. உள்ளதை எழுதுகிறேன்.

எந்த மாதத்தில் வந்தாலும் எங்களுக்கு ஒன்றுதான். எங்கள் சங்கம் பார்வை இல்லாத பெண்களின் சங்கம். அந்தப் பதினொரு பேரில் நானும் ஒருத்தி.

சர்க்கரை கண்ணுக்கு ஏறிவிட்டது. இரண்டு வருடமாகிறது. முதலில் எழுத்து கலைந்தது, பிறகு ஊசியின் காது, பிறகு பஸ் நம்பர், பிறகு முகங்கள். இப்போது ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது தெரியும், அவ்வளவுதான். ஆபரேஷன் எல்லாம் செய்து பார்த்தாகிவிட்டது. கோல் பிடித்து நடக்கச் சொல்லிக்கொடுக்கும் இடத்தில்தான் வடிவையும் மற்றவர்களையும் சந்தித்தேன். நீ பாராட்டிய கையெழுத்து நஸ்மியாவுடையது. நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு மூக்கைச் சிந்துகிறாள், அதையும் எழுதச் சொல்லிவிட்டேன். போன் வேண்டாம் என்றதும் இதனால்தான். வீடியோவில் என் கண்ணைப் பார்த்தால் நீ கண்டுபிடித்துவிடுவாய்.

ஏன் மறைத்தாய் என்று கேட்பாய். தெரிந்தவுடன் எல்லாரும் என்னிடம் மெதுவாகப் பேசத் தொடங்குகிறார்கள் ஷெல்டன். தண்ணீர்க் குழாயடியில் என்னோடு தினம் சண்டை போட்ட பக்கத்து வீட்டுக்காரி இப்போது என் குடத்தை நிரப்பி வாசலில் வைத்துவிட்டுப் போகிறாள். பூசைக்குப் பிந்திப் போனால் திட்டுகிற பங்குச் சாமியார் கையைப் பிடித்து உட்கார வைக்கிறார். நல்ல மனிதர்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் நான் இருந்த இடத்தில் வேறு யாரையோ உட்கார வைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. பழைய ஜெபமலரோடு பழையபடி சண்டை போட நீ ஒருத்தன்தான் மிச்சம். அதையும் இழக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

டிசம்பர் எதற்கு என்றால், நம் தோட்டத்துக் கோயிலில் கரோல் கேட்க வேண்டும். அதோடு அந்த மாதம் உன் பள்ளத்தாக்கைப் பார்க்க வருகிறவர்கள் குறைவு, படம் பிடிக்கிறவர்கள் எங்களை இடித்துத் தள்ள மாட்டார்கள்.

உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். என்னிடம் மெதுவாகப் பேசாதே. கண் போனதால் கொடிக்கல் வழக்கும் போய்விட்டது என்று நினைத்துவிடாதே. அது கடல்தான்.

அக்கா


ஹல்துமுல்லை
9 அக்டோபர் 2024

அன்புள்ள மதினிக்கு,

அனுஷ்கா எழுதிக்கொள்வது. ஆண்டவர் உங்களுக்குத் துணையிருக்க வேண்டும் என்று தினம் மன்றாடுகிறேன். என் முதுகு பரவாயில்லை. உங்கள் தம்பி பதில் எழுதவில்லையே என்று மனம் நொந்திருப்பீர்கள். இங்கே நடப்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று வேனுக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தவர், பொழுது சாய்ந்துதான் வெளியே வந்தார். சோறு வேண்டாம் என்றுவிட்டார். பதில் எழுத உட்காருவார், கிழித்துப் போடுவார். அவர் அழுததை எழுதினேன் என்று சொல்லிவிடாதீர்கள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை துவாயை எடுத்துக் கண்ணை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேனில் இடப்பக்க சீட்டில் ஏறினார். ஜெஸீம் அண்ணனைக் கூப்பிட்டு, பெரகல வரைக்கும் ஓட்டு, ஒன்றும் பேசாதே என்றார். அதில் இருந்து வாடகை இல்லாத நாளெல்லாம் இதே வேலை. ரயிலில் கண்ணைக் கட்டிக்கொண்டு பதுளை வரைக்கும் போனார், எதிர் சீட்டில் இருந்த பெண்மணி பயந்து இடம் மாறிவிட்டாராம். கடைவீதியில் எல்லாரும் ஷெல்டனுக்கு என்னமோ ஆகிவிட்டது என்கிறார்கள். இராக்கம்மா அக்கா மந்திரிக்கக்கூடச் சொன்னார். உங்களோடு படித்தவர், இப்போதும் மேல்கணக்கில் கொழுந்து எடுக்கிறார்.

போன வாரம் என் தோளைப் பிடித்துக்கொண்டு கொடிக்கல்லுக்கு ஏறினார். வழியில் தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்து முழங்கை தேய்ந்தது. துவாயை அவிழ்க்கச் சொன்னேன், கேட்கவில்லை. பாதி ஏற்றத்தில் நின்று என் கையை அழுத்தினார். "அனுஷ், தேயிலைக்கு மேல காத்து ஒரு மாதிரி கேக்குது, மரத்துக்கு மேல வேற மாதிரி கேக்குது. இத்தனை வருசமா இந்த மலையில என்னத்த பாத்தேன் நான்?" என்றார்.

எழுதுவார் மதினி. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
அனுஷ்கா


ஹல்துமுல்லை
27 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

பிந்தியதற்கு மன்னிக்க வேண்டும். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? நன்றாகச் சாப்பிடுகிறீர்களா, நித்திரை கொள்கிறீர்களா? படிகளில் கவனம்.

புதுத் திட்டம் எழுதியிருக்கிறேன்.

பலாங்கொடையைத் தாண்டியதும் வண்டியின் ஜன்னல்களைத் திறந்துவிடுவேன். அங்கே சூடு நம்மைவிட்டு ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் போகும். காது அடைத்துத் திறக்கும். திறந்தவுடன் தண்ணீர் கேட்கும், அதற்குப் பிறகு ஊவாவை விட்டுப் போகும்வரை எங்கேயோ ஓரிடத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். குளிர் முதலில் மூக்கு நுனியில் வந்து உட்காரும். அதுதான் நம் வீடு வந்துவிட்டதற்கு அடையாளம்.

விடியற்காலையில் பெரட்டுக்குச் சங்கு ஊதுவார்கள். அது மலையில் பட்டு, எதிர் மலையில் பட்டு, நம்மிடம் திரும்பி வரும்போது யாரோ தூக்கத்தில் பேசுவது மாதிரி இருக்கும். மலையில் இராக்கம்மா அக்கா ஆளுக்கொரு கொழுந்தைக் கையில் வைப்பார். ஒடிக்கும்போது ஒரு சின்னச் சத்தம் வருகிறது அக்கா. பிறந்ததில் இருந்து தேயிலைக்குள் கிடக்கிறேன், போன மாதம்தான் அதைக் கேட்டேன். தொழிற்சாலையில் மாடியில் இலை வாடப் போட்டிருக்கும் இடத்தில் முழங்கை வரைக்கும் கையை விடலாம், கேட்டு வைத்துவிட்டேன். கீழே உருட்டும் யந்திரம் ஓடும்போது செருப்பைக் கழற்றிவிட்டு நின்றால் தரை வழியாக அது உடம்புக்குள் ஏறும்.

ரயிலில் திறந்த ஜன்னல். குகை வரும்போது சத்தம் எல்லாம் முகத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும், வெளியே வந்தால் விலகிப் போகும். எனக்குத் துவாய்க்குள்ளேயே பள்ளத்தாக்கு திறப்பது தெரிந்தது. ரயிலின் சத்தம் திடீரென்று திரும்பி வராமல் போய்விடுகிறது. அந்த இடத்தில் நான் வலப் பக்கம் என்று சொல்ல மாட்டேன், சும்மா இருப்பேன். பாலத்துக்கு அடியிலும் நிற்கலாம். துன்ஹிந்தப் பாதையில் குரங்குகளைத் தாண்டி, பாதை இடப்பக்கம் திரும்பும் இடத்தில் நீர்வீழ்ச்சி கேட்கத் தொடங்கும். பிறகு முகம் நனையும்.

கொஸ்லந்தை ரோட்டு வாசனை இன்னும் வருகிறது. ஈரமான யூகலிப்டஸும் விறகுப் புகையும் கலந்தது.

டிசம்பர்தான் சரி. நீங்கள் சொன்னதெல்லாம் சரி. கொடிக்கல்லுக்கு ஏறும் பாதையைச் செதுக்கி வைக்கிறேன்.

உங்கள் அன்புத் தம்பி,
ஷெல்டன்


திருச்சி
12 நவம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

நல்ல சுகம். நன்றாகச் சாப்பிடுகிறேன், குறட்டை விட்டுத் தூங்குகிறேன், படிகளில் கவனமாக ஏறி இறங்குகிறேன். போதுமா?

உன் திட்டத்தை நஸ்மியா படித்து முடித்தாள். பிறகு வடிவு, அப்போ நாம போயிட்டு வந்துட்டோமா என்று கேட்டாள். அப்படித்தான் எனக்கும் இருந்தது. இரவில் படுத்தால் ரயில் குகைக்குள் போய்க்கொண்டே இருக்கிறது. அதற்கு உனக்கு ஆயிரம் முத்தம்.

ஆனால் இத்தனை பக்கத்தில் ஒரு சண்டை இல்லையே ஷெல்டன். உங்கள் அன்புத் தம்பி என்று முடித்திருக்கிறாய். இது என் தம்பியா, பங்குச் சாமியாரா? உன் முழங்காலில் இருக்கும் தழும்பு நீயாக மரத்தில் ஏறி விழுந்தது, நான் போட்டது இல்லை. இதற்காவது பதில் சொல்.

அக்கா


ஹல்துமுல்லை
26 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் பத்திரமாக இருங்கள்.

தங்கும் இடம் உறுதியாகிவிட்டது. சுவெட்டரும் தடித்த காலுறையும் கொண்டு வரச் சொல்லுங்கள். அட்டைக்குச் சவர்க்காரம் நான் வாங்கி வைக்கிறேன். தழும்பு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரியாகத்தான் இருக்கும், எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை.

விமான நிலையத்தில் காத்திருப்பேன்.

ஷெல்டன்


திருச்சி
10 ஜனவரி 2025

அன்புத் தம்பிக்கு,

வந்து சேர்ந்தோம். எல்லாரும் சுகம். வடிவுக்கு மட்டும் அட்டை கடித்த இடம் இன்னும் அரிக்கிறது, அதை யார் வந்தாலும் தொட்டுப் பார்க்கச் சொல்லிப் பெருமைப்படுகிறாள். அனுஷ்கா கட்டிக்கொடுத்த கொக்கிஸ் பலகாரம் நொறுங்காமல் வந்தது. அவளுக்கு முதுகு வலிக்குமே, இவ்வளவு ஏன் சுட்டாள்?

திரும்பி வந்தும் உன் வேன் என் உடம்புக்குள் வளைந்து வளைந்து ஏறிக்கொண்டிருக்கிறது. நடு மத்தியானத்தில் மூக்கு நுனி குளிர்கிறது. பாலத்துக்கு அடியில் ரயில் எங்கள் தலைக்கு மேலே போனபோது வடிவு என் கையைப் பிடித்தாளே, அந்தப் பிடி இன்னும் விடவில்லை. துன்ஹிந்தவில் முகம் நனைந்து பதினொரு பேரும் சிரித்தோம், எதற்கென்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பள்ளத்தாக்கு திறந்த இடத்தில் நீ பேசாமல் இருந்தாய். நான் கேட்டேன், ரயில் சத்தம் போய்த் திரும்பி வரவே இல்லை. கரோல் அன்று இராக்கம்மா என் பக்கத்தில் நின்று பழைய மாதிரியே சுருதி தப்பிப் பாடினாள். நீ ஒரு கூட்டத்துக்கு அல்ல, நூறு கூட்டத்துக்கு வழிகாட்டுவாய். உன்னைப்போல ஒருவன் இந்த வேலையில் இல்லை என்று இங்கே எல்லாரும் சொல்கிறார்கள்.

ஆனால் ஒன்றை உள்ளே வைத்துக்கொள்ள முடியவில்லை.

கடைசி நாள் கொடிக்கல்லில் நின்றோம். நீ என் தோளைத் தெற்கே திருப்பிவிட்டாய். "அக்கா, வானம் வெளுத்திருக்கு. தூரத்துல பளபளன்னு தெரியுது. நீங்க சொன்னதுதான் சரி. அது கடல்தான்" என்றாய். எல்லாரும் கை தட்டினார்கள். நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று வடிவு முதுகைத் தடவினாள்.

ஷெல்டன், என் சால்வையில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இமையில் துளி நின்றது. என் தோளில் இருந்த உன் கை ஈரமாக இருந்தது. எங்களுக்குச் சற்று முன்னால் ஏறியவர்கள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனதைக் கேட்டேன். நானும் இந்த மலையில் பிறந்தவள்தானே, டிசம்பர்ப் பனிக்குள் நிற்கிறேன் என்று எனக்குத் தெரியாதா? உன் முகத்துக்கு முன்னால் இருந்தது வெள்ளைச் சுவர்.

உன் நல்ல மனசு எனக்குத் தெரியும். ஆனால் நாற்பது வருடமாக விட்டுக்கொடுக்காத நீ அன்றைக்கு விட்டுக்கொடுத்தாய். டாக்டர் சொன்ன அன்றுகூட எனக்கு அப்படி இல்லை. கொடிக்கல்லில் நின்றபோதுதான் எனக்குக் கண் போய்விட்டது என்று தோன்றியது.

கோபம் இல்லை. சொல்லாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ஜெபமலர்


ஹல்துமுல்லை
23 பிப்ரவரி 2025

அக்கா,

சுகம் விசாரிக்கப் போவதில்லை. சண்டைக்குத்தான் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை அனுஷ்காதான் முதலில் படித்தாள். படித்துவிட்டு, "நல்லா வேணும் உங்களுக்கு" என்று என்னிடம் நீட்டினாள். பிறகு பல நாள் நான் கொடிக்கல் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஏறாமலே ஏதாவது ஒன்றை எழுதிவிட்டால் அது இன்னொரு பொய்யாகிவிடும் என்று தோன்றியது. வானம் வெளுக்கட்டும் என்று காத்திருந்தேன்.

நேற்றுக் காலை வெளுத்தது. தனியாக ஏறினேன். துவாய் கட்டவில்லை. ஒரு பொட்டு மேகம் இல்லை. ஹல்துமுல்லைக்குக் கீழே மலை மலையாக நீலம் இறங்கிப் போய், அதற்கு அப்பால் தரை பச்சையாக விரிந்து, கடைசியில் நம்முடைய அந்த வெள்ளிக் கம்பி. வெயில் ஏறும்வரை உட்கார்ந்து பார்த்தேன். சின்ன வயதில் நீங்கள் உட்காரும் பள்ளம் பாறையில் அப்படியே இருக்கிறது. பக்கத்தில் யாரோ உட்கார்ந்து மூச்சு விடுவது மாதிரி இருந்தது, திரும்பிப் பார்த்தால் தேயிலைக்கு மேல் காற்று.

கடல்தான் என்று எழுத ஆசைதான். ஆனால் முடியாது. அது குளம். ஒரு பக்கம் அணைக்கட்டு கோடு போட்ட மாதிரி நேராகத் தெரிகிறது. கடலுக்கு யார் அக்கா அணைக்கட்டு கட்டினது? இத்தனை வருடமாக ஒரு குளத்தைக் கடல் என்று சொல்லி ஊரை ஏமாற்றி, திருச்சியில் இருந்து ஆள் கூட்டிக்கொண்டு வந்து கை தட்டவும் வைத்துவிட்டீர்கள். வடிவிடம் உண்மையைச் சொல்லுங்கள். தழும்பும் நீங்கள் போட்டதுதான், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மரத்தில் ஏறியது நான், கிளையை ஆட்டியது நீங்கள்.

அன்று பனிக்குள் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். வேண்டுமானால் மறுபடி எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்து, என் முகத்துக்கு நேரே அதைக் கடல் என்று சொல்லிப் பாருங்கள்.

கடிதத்தில் சண்டை போட்டால் எனக்குத் திருப்தியாக இல்லை. இது கையில் கிடைத்த அன்று போனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வீடியோவில்தான் கூப்பிடுவேன். எடுத்தவுடன் கத்துவேன்.

ஷெல்டன்